செல்லுக்குள் ஓடும் சரக்கு வண்டிகள் நின்றால் என்ன ஆகும்? மோட்டார் புரதங்களும் நரம்பு நோய்களும்: முழு விளக்கம்

கால் பெருவிரலை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அந்த அசைவுக்கு உத்தரவு கொடுக்கும் நரம்பு செல்லின் உட்கரு காலில் இல்லை. கீழ்முதுகுப் பகுதியில், தண்டுவடத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை வருவது அந்த செல்லின் ஒற்றை வால் மட்டும்தான். வளர்ந்த மனிதருக்கு அதன் நீளம் சுமார் 1 மீட்டர்.

இங்கதான் ஒரு கேள்வி வருது. செல்லுக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை உட்கருவுக்குப் பக்கத்தில்தான் தயாராகின்றன. பாதத்தில் இருக்கும் நுனிக்கு அவற்றை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

பதில்: மோட்டார் புரதங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கும் நுண்ணிய சுமைதூக்கிகள் இவை. இவற்றில் ஒன்று பழுதாகி வரும் அரிய நோய்க்கு, ஒரே ஒரு சிறுமிக்காக வடிவமைக்கப்பட்ட மருந்து அமெரிக்காவில் கொடுக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2024-ல் 'நேச்சர் மெடிசின்' ஆய்விதழில் வெளியாகின. அதன் பிறகு இந்தத் துறை மீது மருத்துவ உலகின் கவனம் கூடியிருக்கிறது.

மோட்டார் புரதம் என்றால் என்ன? செல்லின் அமைப்பையே அது எப்படித் தாங்கிப் பிடிக்கிறது? ரேபிஸ் முதல் கீமோதெரபி வரை இதற்கு என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

• செல்லின் உள்ளே பொருட்கள் தானாக மிதந்து போய்ச் சேர்வதில்லை. பெரிய சுமைகளைத் தூக்கிச் செல்வது கினெசின், டைனீன், மயோசின் என்ற மூன்று மோட்டார் புரதக் குடும்பங்கள்.

• கோல்கை உறுப்பு, எண்டோபிளாச வலை, மைட்டோகாண்ட்ரியா ஆகியவை தங்கள் இடத்திலும் வடிவத்திலும் இருப்பதற்கும் இவையே முக்கியக் காரணம்.

• இந்தப் போக்குவரத்து பாதித்தால் பெரும்பாலும் முதல் அடி வாங்குவது நீளமான நரம்புகள்.

• ரேபிஸ் வைரஸ் காயத்தில் இருந்து மூளைக்குப் போவதும் இதே வழியில்தான்.

பள்ளிப் பாடப் படத்தில் விடுபட்டது என்ன?

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பார்த்த செல் படம் ஞாபகம் இருக்கா? நடுவில் உட்கரு, பக்கத்தில் மடிப்பு மடிப்பாக எண்டோபிளாச வலை, அதற்கு அருகில் தட்டுகளை அடுக்கினாற்போல் கோல்கை, அங்கங்கே மைட்டோகாண்ட்ரியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்புக்குறி, ஒரு பெயர்.

அந்தப் படத்தில் தவறில்லை. ஆனால் அதைப் பார்க்கும்போது, வீட்டில் கட்டிலும் பீரோவும் போட்டு வைத்தது போல எல்லாம் ஒரே இடத்தில் நிற்கின்றன என்ற எண்ணம் வந்துவிடும். உயிருள்ள செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் காட்சியே வேறு. பைகள் ஓடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா நகர்கின்றன, நிற்கின்றன, மறுபடி கிளம்புகின்றன. எண்டோபிளாச வலையின் இழைகள் நீள்கின்றன, சுருங்குகின்றன.

ஒரு உறுப்பு இன்று இந்த இடத்தில் இருக்கிறது என்றால், அதை அங்கே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உழைப்பு நின்றால் செல்லின் அமைப்பே கலைந்துவிடும்.

ரோடு எது? வண்டி எது?

முதலில் ரோடு. செல்லுக்குள் நுண்குழல்கள் எனப்படும் இழைகள் உள்ளன. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து உருவாகும் இவற்றின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். பல செல்களில் இவை மையத்தில் இருந்து ஓரம் நோக்கி, குடைக்கம்பி போல விரிந்திருக்கும்.

இந்த ரோட்டுக்கு திசை உண்டு. ஒரு முனை 'பிளஸ்', மறுமுனை 'மைனஸ்'. பொதுவாக பிளஸ் முனை செல்லின் ஓரத்தையும், மைனஸ் முனை மையத்தையும் பார்த்து இருக்கும்.

இனி வண்டிகள்.

கினெசின்: பெரும்பாலான கினெசின்கள் பிளஸ் முனை நோக்கிப் போகும். அதாவது உள்ளிருந்து வெளியே. மனிதர்களிடம் 45 கினெசின் மரபணுக்கள் உள்ளன. சுமைக்கு ஏற்ற வண்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

டைனீன்: இது எதிர்த்திசை. வெளியில் இருந்து மையத்துக்குச் சுமை கொண்டுவரும். வெளியே போக இத்தனை வகை இருந்தும், செல்லின் உட்புறத்தில் திரும்பி வர பெரும்பாலும் ஒரே ஒரு வகை டைனீன்தான். கூட வரும் துணைப் புரதங்கள் மாறுவதால், அந்த ஒரே வண்டி பலவகைச் சுமைகளைத் தூக்குகிறது.

மயோசின்: இது நுண்குழலில் ஓடுவதில்லை. ஆக்டின் என்ற இன்னொரு வகை இழையில் ஓடும். மெயின் ரோட்டில் இருந்து இறங்கி தெருவுக்குள் போகும் வண்டி மாதிரி, செல்லின் ஓரப் பகுதிகளில் இதற்கு வேலை அதிகம். தசை சுருங்குவதும், இதயம் துடிப்பதும் இதே குடும்பத்தின் வேலைதான்.

மூன்றுக்கும் எரிபொருள் ஒன்று: ஏடிபி என்ற மூலக்கூறு. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருந்து செல் தயாரிப்பது.

ஒரு அடி எவ்வளவு தூரம்?

கினெசினுக்கு இரண்டு 'பாதங்கள்' உண்டு. ஒன்று ரோட்டில் ஊன்றியிருக்க, மற்றொன்று முன்னால் போகும். அப்படியே மாறி மாறி. ஒரு அடிக்கு ஒரு ஏடிபி செலவாகும். அடியின் நீளம் 8 நானோமீட்டர். லேசர் ஒளியால் நுண்மணிகளைப் பிடித்து வைக்கும் கருவியின் உதவியோடு 1993-ல் இது அளக்கப்பட்டது.

8 நானோமீட்டர் என்றால் எவ்வளவு சின்னது? ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்கவே 10,000 அடி நடக்க வேண்டும்.

ஆனால் வேகம் குறைவில்லை. நொடிக்கு சுமார் 100 அடி. நரம்பில் வேகமான சுமைகள் ஒரு நாளைக்கு 40 செ.மீ. வரை பயணிக்கும். அந்தக் கணக்கில், முதுகில் இருந்து கால் விரலுக்கு ஒரு பார்சல் போய்ச் சேர இரண்டரை நாள் ஆகும். மொத்தம் 12.5 கோடி அடிகள்!

இவ்வளவு தூரத்தை ஒரே கினெசின் நடப்பதில்லை. தனியாக விட்டால் சுமார் 100 அடி நடந்ததும் ரோட்டை விட்டு கழன்றுவிடும். அதனால் ஒரே சுமையில் பல மோட்டார்கள் சேர்ந்து ஒட்டியிருக்கும். ஒன்று கழன்றாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். தேர் இழுக்கும் வடத்தில் ஒருவர் கை விட்டாலும் தேர் நிற்காது, இல்லையா? அதே கதைதான்.

சரி, மோட்டாரே இல்லாமல் புரதம் தானாக மிதந்து போனால் ஆகாதா? சின்ன தூரத்துக்கு ஆகும். ஆனால் மிதந்து போவதில் ஒரு சிக்கல். தூரம் 10 மடங்கு கூடினால் நேரம் 100 மடங்கு கூடும். ஒரு சாதாரண புரதம் செல்லின் உள்திரவத்தில் மிதந்து 1 மீட்டர் போக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கண்டுபிடிப்புக்கு உதவியது கணவாய் மீன்.

கணவாயின் உடம்பில் உள்ள ராட்சத நரம்பு இழை ஒன்றின் தடிமன் 1 மில்லிமீட்டர் வரை இருக்கும். கண்ணாலேயே பார்க்கலாம். பற்பசையைப் பிதுக்குவது போல உள்ளே இருக்கும் திரவத்தைப் பிதுக்கி எடுத்து ஆராயலாம்.

1980-களின் முதல் பாதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் ரொனால்டு வேல், மைக்கேல் ஷீட்ஸ் இருவரும் கலிபோர்னியாவில் இந்த ஆய்வைச் செய்ய நினைத்தனர். ஆனால் அந்த வருட எல் நினோ காரணமாக அங்கே கணவாய் சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள்.

அங்கே தாமஸ் ரீஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து, நரம்புத் திரவத்தில் இருந்து சுமை தூக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1985-ல் அதற்கு கினெசின் என்று பெயர் வைத்தனர். 'நகர்த்து' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. வேல், ஷீட்ஸ், மயோசினை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்புடிச் ஆகிய மூவருக்கும் 2012-ல் லஸ்கர் விருது கிடைத்தது.

டைனீன் அதற்கும் முன்பே தெரிந்த புரதம். குற்றிழைகளை அசைக்கும் புரதமாக 1965-ல் இயன் கிப்பன்ஸ் அதற்குப் பெயர் சூட்டினார். செல்லுக்குள் எதிர்த்திசையில் சுமை இழுப்பதும் அதே குடும்பம்தான் என்பது 1987-ல் தெரிய வந்தது.

ஒரு புரதத்தின் பயணம்: இன்சுலின் உதாரணம்

புரதப் போக்குவரத்தைப் புரிந்துகொள்ள எல்லோருக்கும் தெரிந்த இன்சுலினையே எடுத்துக்கொள்வோம்.

முதல் நிறுத்தம்: கணையத்தின் பீட்டா செல்லில், ரைபோசோம் இன்சுலினின் ஆரம்ப வடிவத்தைத் தயாரிக்கிறது. அது எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து சரியான வடிவத்தில் மடிகிறது.

இரண்டாவது நிறுத்தம்: அங்கிருந்து சிறிய பைகளில் ஏறி, கோல்கை உறுப்புக்குப் போகிறது. மையத்தை நோக்கிய இந்தப் பயணத்தில் இழுப்பது டைனீன்.

மூன்றாவது நிறுத்தம்: கோல்கையில் தரம் பிரித்து, பார்சல் கட்டப்படுகிறது. எது செல்லுக்கு வெளியே போக வேண்டும், எது உள்ளேயே வேறு உறுப்புக்குப் போக வேண்டும் என்று முடிவாவது இங்கேதான்.

கடைசி நிறுத்தம்: இன்சுலின் நிரம்பிய பைகள் செல்லின் ஓரத்துக்கு வருகின்றன. நுண்குழல் வழியில் கினெசினும், ஓரத்தில் ஆக்டின் இழைகளில் மயோசினும் இதில் பங்கெடுக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடியதும் பை செல்சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே விடுகிறது.

பைகள் எப்படி உருவாகின்றன, சரியான இடத்தில் எப்படி இணைகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ராத்மேன், ரேண்டி ஷெக்மேன், தாமஸ் சூதாஃப் ஆகியோருக்கு 2013-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஏற்றுவதும் இறக்குவதும் அவர்கள் கண்டுபிடித்த கதை. நடுவில் வண்டி ஓடுவதுதான் மோட்டார் புரதங்களின் கதை.

உறுப்புகளின் வடிவத்தை யார் காப்பாற்றுகிறார்கள்?

மோட்டார் புரதங்களைப் பார்சல் சர்வீஸ் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. செல் உறுப்புகள் எங்கே, எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

கோல்கை: விலங்கு செல்களில் கோல்கை பொதுவாக உட்கருவுக்குப் பக்கத்தில், ஒரே கொத்தாக இருக்கும். ஆய்வகத்தில் நுண்குழல்களைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்தக் கொத்து உடைந்து, சின்னச் சின்ன அடுக்குகளாக செல் முழுக்கச் சிதறும். மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால், ரோடு மறுபடி உருவாகும். டைனீன் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து மறுபடி ஒன்றுசேர்க்கும். டைனீனை மட்டும் முடக்கினாலும் கோல்கை சிதறுகிறது. ஆக, கோல்கையை நடுவில் 'வைத்தது' யாரும் இல்லை. அது எந்நேரமும் நடுவுக்கு இழுக்கப்படுகிறது.

எண்டோபிளாச வலை: இதற்கு நேர் எதிர். இந்த வலையை செல்லின் ஓரம் வரை இழுத்து விரித்து வைப்பதில் கினெசினுக்கு முக்கியப் பங்கு. ஆய்வில் கினெசினைக் குறைத்தபோது வலை உட்கரு பக்கமாகச் சுருங்கியது. பந்தலை நாலு பக்கமும் கயிறு கட்டி இழுத்து வைத்திருப்பார்களே, கயிறு தளர்ந்தால் துணி நடுவில் தொய்ந்துவிடும் அல்லவா? அது போலத்தான்.

மைட்டோகாண்ட்ரியா: ஜப்பானின் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நொபுடாகா ஹிரோகாவாவின் குழு, ஒரு கினெசின் மரபணுவை நீக்கிய எலிக் கருக்களின் செல்களை ஆராய்ந்தது. செல் முழுக்கப் பரவியிருக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியா, உட்கருவைச் சுற்றி ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. 1998-ல் வந்த இந்த முடிவு, 'செல்லின் ஆற்றல் நிலையத்தை' இடம் சேர்ப்பது யார் என்பதைக் காட்டியது.

நரம்பு செல்லில் இன்னொரு நுட்பமும் இருக்கு. வேலை மும்முரமாக நடக்கும் இடத்தில் கால்சியம் கூடும். கால்சியம் கூடியதும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூக்கிவரும் மோட்டார் அங்கேயே நின்றுவிடும். ஆற்றல் எங்கே தேவையோ அங்கே வண்டி தானாக பிரேக் போடுகிறது.

லைசோசோம்: கழிவுகளைச் சிதைக்கும் உறுப்பு. செல்லுக்கு உணவு தாராளமாகக் கிடைக்கும்போது லைசோசோம்கள் ஓரத்துக்குப் பரவுகின்றன. செல் பட்டினி கிடக்கும்போது மையத்துக்கு வந்து, பழைய பொருட்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தும் வேலையைத் துரிதப்படுத்துகின்றன. ஓரத்துக்கு கினெசின், மையத்துக்கு டைனீன்.

ஒரே சுமையில் பல நேரம் இரண்டு மோட்டார்களும் சேர்ந்தே ஒட்டியிருக்கும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி தோன்றினாலும், எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை செல் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பது இன்றும் தீவிரமாக ஆராயப்படும் கேள்வி.

பழுதானால் வரும் நோய்கள் என்னென்ன?

கே.ஐ.எஃப்.5ஏ: நரம்புகளில் சுமை தூக்கும் கினெசின் இது. இதன் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் கால்கள் படிப்படியாக விறைத்து, நடை சிரமமாகும் பரம்பரை நோய் வரலாம் என்பது 2002-ல் தெரிந்தது. இதே மரபணுவின் வேறொரு பகுதியில் ஏற்படும் மாற்றம் ஏ.எல்.எஸ். நோய்க்கும் காரணமாகலாம் என்று 2018-ல் கண்டறியப்பட்டது. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பாதித்தது ஏ.எல்.எஸ். வகை நோய்தான். ஆனால் எல்லா ஏ.எல்.எஸ். நோய்க்கும் இந்த மரபணு காரணமில்லை. சிறு பங்குக்கு மட்டுமே.

கே.ஐ.எஃப்.1ஏ: இரு நரம்புகள் பேசிக்கொள்ளும் சந்திப்புக்குத் தேவையான பொருட்களைக் கொண்டுசெல்வது. இதில் கோளாறு வந்தால் குழந்தைகளுக்கு கை கால் விறைப்பு, வலிப்பு, பார்வை நரம்பு பாதிப்பு, கற்றல் குறைபாடு ஆகியவை வரலாம். பலருக்கு இது பெற்றோரிடம் இல்லாத, குழந்தையிடம் புதிதாக ஏற்படும் மரபணு மாற்றம்.

டைனீன்: இதன் முக்கிய மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் கால் தசைகள் பலவீனமாகும் நோய்களும், மூளை வளர்ச்சிக் குறைபாடுகளும் வருகின்றன.

மயோசின் 5ஏ: நிறமிப் பைகளை இடம் சேர்ப்பது. இது பழுதானால் பிறக்கும்போதே குழந்தையின் தலைமுடி வெள்ளி நிறத்தில் இருக்கும். கூடவே நரம்பு பாதிப்பும் வரும். நிறமி தயாராகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை. சரக்கு இருந்தும் விநியோகம் இல்லாத நிலை!

பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மோட்டார் புரதங்கள் எல்லா செல்களிலும் இருந்தாலும், நோய் பெரும்பாலும் நரம்பில்தான் தெரிகிறது. காரணம், தூரம். ஒரு சாதாரண செல்லில் சுமை போக வேண்டியது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. கால் நரம்பில் 1 மீட்டர். கூடவே, பெரும்பாலான நரம்பு செல்களுக்கு மாற்று செல் உருவாகாது. பிறந்ததில் இருந்து சாகும் வரை அதே செல், அதே ரோடு.

ரேபிஸ் வைரஸ் எப்படி மூளைக்குப் போகிறது?

நாய்க்கடிச் செய்திகள் அடிக்கடி வரும் நிலையில், இதைத் தெரிந்துகொள்வது ரொம்ப அவசியம். உலக ரேபிஸ் இறப்புகளில் 36% இந்தியாவில் நிகழ்கின்றன என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு.

நாய் கடிப்பது காலில். நோய் தாக்குவது மூளையை. ரேபிஸ் வைரஸ் முக்கியமாக ரத்தத்தின் வழியாகப் போவதில்லை. கடிபட்ட இடத்தின் நரம்பு நுனிக்குள் நுழைந்து, அங்கே வெளியிலிருந்து மையத்துக்குத் திரும்பும் டைனீன் போக்குவரத்தில் தொற்றிக்கொண்டு தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. வைரஸுக்குச் சொந்தமாக மோட்டார் கிடையாது. நம் வண்டியில்தான் பயணம்.

அதனால்தான் நேரம் முக்கியம். வைரஸ் காயத்திலும் தசையிலும் இருக்கும்போது தடுப்பூசியும் எதிர்ப்புப் புரத ஊசியும் அதைத் தடுக்க முடியும். நரம்புக்குள் போய், அறிகுறிகள் தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

கடிபட்ட உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதற்காகத்தான். அறிகுறி தெரிய பொதுவாக 2 முதல் 3 மாதம் ஆகலாம். 'ஒண்ணும் ஆகலையே' என்று ஊசியைத் தள்ளிப்போடுவது மிகப் பெரிய ஆபத்து.

கீமோதெரபிக்குப் பிறகு கை கால் மரத்துப்போவது ஏன்?

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்களும் மோட்டார் புரதங்களும் தேவை. அந்த ரோட்டைக் கெடுத்தால் புற்றுநோய் செல் பிரிய முடியாது. சில முக்கியப் புற்றுநோய் மருந்துகளின் அடிப்படை இதுதான்.

வின்கிறிஸ்டின் நுண்குழலை உருவாக விடாது. நம் ஊர்களில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியில் இருந்து எடுக்கப்படும் மருந்து. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் முக்கிய இடம் இதற்கு உண்டு. பாக்லிடாக்செல் எதிர்மாதிரி: நுண்குழலைக் கலைய விடாமல் இறுக்கிவிடும்.

ஆனால் ரோடு நரம்புக்கும் பொதுவானது. அதனால் இந்த மருந்துகள் எடுப்பவர்களில் பலருக்கு விரல் நுனிகளில் மரமரப்பும் எரிச்சலும் வரும். கையுறை, காலுறை போட்ட மாதிரி, நுனியில் தொடங்கி மேலே ஏறும். நீளமான நரம்பின் கடைக்கோடிக்குச் சரக்கு போவது தடைபடுவது இதற்கான காரணங்களில் ஒன்று. இப்படி இருந்தால் தாங்களே மருந்தை நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பது, இடைவெளி விடுவது போன்ற முடிவை அவர் எடுப்பார்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. திருப்பூர், திண்டுக்கல், கரூர் மாவட்ட விவசாயிகள் 'கண்வலிக்கிழங்கு' என்ற பெயரில் பயிரிடுவது இதைத்தான். இதன் விதையில் இருந்து கிடைக்கும் கொல்சிசின், டியூபுலினில் ஒட்டி நுண்குழல் உருவாவதைத் தடுக்கும். கீல்வாத வகைகளில் ஒன்றான கவுட் நோய்க்கு நீண்ட காலமாகப் பயன்படும் இந்த மருந்தை, குறைந்த அளவில் இதய நோயாளிகளுக்கும் கொடுக்க அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023-ல் அனுமதி கொடுத்தது. அளவு மீறினால் இதே பொருள் கொல்லும். கிழங்கை நாட்டு மருந்து என்று நினைத்து வாயில் வைப்பது உயிருக்கே ஆபத்து.

சிகிச்சை வந்துவிட்டதா?

இரண்டு முன்னேற்றங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இதயம். இதயத் தசை தடிமனாகும் ஒரு பரம்பரை நோயில், மயோசின் மோட்டார்கள் அளவுக்கு மீறி இழுக்கின்றன. அந்த மோட்டாரையே கொஞ்சம் மட்டுப்படுத்தும் மாவாகாம்டென் என்ற மாத்திரைக்கு எஃப்.டி.ஏ. 2022-ல் அனுமதி அளித்தது. மோட்டார் புரதத்தை நேரடியாகக் குறிவைத்து மருந்து செய்ய முடியும் என்பதற்கு இது ஆதாரம்.

இரண்டாவது, ஆரம்பத்தில் சொன்ன சிறுமியின் மருந்து. கே.ஐ.எஃப்.1ஏ மரபணுவில் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. அந்தச் சிறுமிக்கு ஒன்று சரி, ஒன்று பழுது. பழுதான பிரதியில் இருந்து வரும் செய்தியை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் மருந்து, தண்டுவடத் திரவத்தில் ஊசியாகச் செலுத்தப்பட்டது. 9 மாத சிகிச்சையில், கீழே விழுவது குறைந்தது உட்பட பல அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இது ஒரே ஒரு நோயாளி. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. நோய் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. இந்த மருந்து அவரிடம் உள்ள மாற்றத்துக்கு மட்டுமே. அடுத்த குழந்தையின் மாற்றம் வேறாக இருந்தால் மருந்தும் வேறு.

பெரிய கேள்வியும் இதிலேயே இருக்கு. ஒரு குழந்தைக்காகத் தயாரிக்கும் மருந்துக்குச் சந்தை கிடையாது. இந்த மருந்தை அமெரிக்காவில் என்-லோரம் என்ற லாபநோக்கற்ற அறக்கட்டளை செய்து கொடுத்தது. இந்தியாவில் 2021-ல் வந்த அரிய நோய்கள் கொள்கையின் கீழ், வரையறுக்கப்பட்ட நோய்களுக்கு அரசு தேர்ந்தெடுத்த மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஏற்கெனவே சந்தையில் உள்ள மருந்தை வாங்க அது உதவலாம். இல்லாத மருந்தை ஒருவருக்காக உருவாக்குவது யார், சோதித்து அனுமதிப்பது யார், செலவு யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால்தான் இந்தச் சிகிச்சை முறை இங்கே வரும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

கே.ஐ.எஃப்.1ஏ போன்ற கோளாறுகள் ஆரம்பத்தில் பார்க்க மூளை முடக்குவாதம் போலவே இருக்கும். வித்தியாசம் என்ன? மூளை முடக்குவாதத்தில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. மோட்டார் புரதக் கோளாறுகளில் நிலைமை வருடங்கள் போகப் போக மோசமாகலாம்.

அதனால், பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லாத குழந்தைக்கு கால் விறைப்பு இருந்தாலோ, வந்த நடை மறுபடி குறைந்தாலோ, கூடவே பார்வைக் குறைவு இருந்தாலோ, மரபணுப் பரிசோதனை தேவையா என்று குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் கேட்பது நல்லது. இன்று மருந்து இல்லாவிட்டாலும், நோயின் சரியான பெயர் தெரிந்தால் வலிப்பு, பார்வை ஆகியவற்றை முன்கூட்டியே கண்காணிக்கலாம். அடுத்த குழந்தை பற்றிய ஆலோசனையும் பெறலாம். நாளை ஒரு மருத்துவ ஆய்வு தொடங்கினால் அதில் சேர முதல் தகுதியும் அந்தப் பெயர்தான்.

அடுத்த முறை கால் மரத்துப்போனால் பயப்பட வேண்டாம். உட்கார்ந்த நிலையில் நரம்பு அழுந்தியிருக்கும், எழுந்தால் சரியாகிவிடும். ஆனால் காரணமே இல்லாமல், இரண்டு பாதங்களிலும், வாரக்கணக்கில் மரமரப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். உடம்பின் மிக நீளமான ரோட்டின் கடைசி ஊர் அது. போக்குவரத்தில் சிக்கல் என்றால் முதல் புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.